சென்னையில் ஹேண்ட்பால் நாட்கள்

டிசம்பர் 12, 2025, வெள்ளி: தாம்பரம், எழும்பூர்

மன்னார்குடியில் சாயங்காலங்களில் நான் ஹேண்ட்பால் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் அணிக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்திருந்தது. சனியும் ஞாயிறும் போட்டி. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நேரம் என்பதால் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் கிளம்பினோம். துணைக்குக் கோல்கீப்பரின் அம்மா. மாதத் தொடக்கத்தில் டித்வா புயல் மழையில் எங்கள் பக்கம் வயலும் மைதானமும் ஒன்றாகக் கிடந்தன. அந்த அக்கா வீட்டில் சம்பாப் பயிர் பாதி அழுகிவிட்டது. அந்த நிலையிலும் மகளைப் போகாதே என்று சொல்லாமல், தானும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

விடிவதற்கு முன்பே தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தோம். பத்து ரூபாய் டிக்கெட். மகளிர் பெட்டியில் பூக்கூடைகளோடு ஏறிய ஒரு பாட்டி, வலைப்பையில் இருந்த பந்துகளைப் பார்த்துவிட்டு, “வாலிபாலா கண்ணு?” என்று கேட்டார். இடது ஓரத்தில் ஆடும் எங்கள் லெஃப்ட் விங் பிள்ளை, “இல்ல பாட்டி, ஹேண்ட்பால்” என்று ஆரம்பித்து முழு ஆட்டத்தையும் விளக்கினாள். ஒரு பக்கம் ஏழு பேர். கையால் எறிந்து கோல் போட வேண்டும். பந்தை வைத்துக்கொண்டு மூன்று காலடிக்கு மேல் நடக்கக் கூடாது, மூன்று விநாடிக்கு மேல் நிற்கவும் கூடாது. கோலுக்கு முன்னால் ஆறு மீட்டரில் ஒரு வளைவுக் கோடு. அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது.

பாட்டி கனகாம்பரம் கட்டிக்கொண்டே கேட்டார். “தரையில கால் படக் கூடாதுன்னா, அந்தரத்துல குதிச்சுப் போடலாமா?”

கோட்டுக்கு வெளியே எம்பி, வளைவுக்கு மேலே மிதக்கும் அந்த ஒரு நொடியில் எறிந்துவிட வேண்டும். ஜம்ப் ஷாட் என்பது அதுதான். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். மாம்பலத்தில் இறங்கும்போது பாட்டி ஆளுக்கு ஒரு துண்டு பூ நறுக்கிக் கொடுத்தார். காசு நீட்டினேன். “ஜெயிச்சுட்டு வந்து குடு” என்று போய்விட்டார்.

எழும்பூர் கென்னட் சந்தில் லாட்ஜ். இரண்டு அறை என்று போனில் பேசியிருந்தோம். போனபோது ஒன்றுதான் காலி, இன்னொன்று மதியத்துக்கு மேல் என்றார்கள். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும். சரி என்று பைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடக் கிளம்பினோம். பொங்கல், வடை 80 ரூபாய். மிளகு தாராளம், நெய் கொஞ்சம் கம்மி. ஆனால் கேட்காமலே இரண்டாவது தடவை சாம்பார் ஊற்றிய அந்தத் தம்பியின் கைக்கு ஒரு கும்பிடு.

வெயில் இல்லாத இதமான காலை. பெரியமேடு வரை நடந்தே போனோம், ஒரு புதுப் பந்து வாங்க. அந்தப் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கிரிக்கெட் மட்டை தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கிறது. ஹேண்ட்பால் என்றதும் முதல் கடையில் சின்னப் பிள்ளைகளின் ஃபுட்பாலை எடுத்துக் காட்டினார்கள். அடுத்த கடையில் ஆண்களுக்கான பந்து இருந்தது. பெண்கள் ஆடுவது இரண்டாம் அளவு. சுற்றளவு 54 முதல் 56 சென்டிமீட்டர், எடை 325 முதல் 375 கிராம். ஒரு கைக்குள் விரல் விரித்துப் பிடிபட வேண்டும், அதுதான் கணக்கு. கடைசியில் ஒரு பெரியவர் பரணில் ஏறி, தூசி தட்டி, சரியான அளவில் ஒன்றை எடுத்தார். 750 சொன்னார், 650-க்குக் கொடுத்தார். “வருஷத்துக்கு நாலு பேர் கேட்டா அதிகம்மா. பொண்ணுங்க கேட்டு வர்றது இப்பதான் பாக்கறேன்” என்றார். காற்று நிரப்பும் ஊசி ஒன்றை இலவசமாகப் பைக்குள் போட்டார்.

இரவுதான் முக்கியமான வேலை. ஜெர்மனியும் நெதர்லாந்தும் சேர்ந்து நடத்திய பெண்கள் உலக ஹேண்ட்பால் சாம்பியன்ஷிப்பில் அன்று அரையிறுதி. 32 நாடுகள் வந்த போட்டி. நம் ஊர்ச் செய்தித்தாளில் ஒரு வரி கிடையாது. என் போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்துவைத்து, அறை முழுக்கப் பிள்ளைகள் கட்டிலிலும் தரையிலுமாக உட்கார்ந்து ஜெர்மனி, பிரான்ஸ் ஆட்டத்தைப் பார்த்தோம்.

இவர்களில் பலர் நான்கைந்து வருடமாக ஆடுகிறார்கள். இந்த ஆட்டம் அதன் உச்சத்தில் எப்படி இருக்கும் என்று ஒரு முழு மேட்சாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எனக்கு மனதை அறுக்கிற விஷயம் இதுதான். கிரிக்கெட் ஆடுகிற பையன் நடக்கப் பழகும்போதே டிவியில் ஆயிரம் கவர் டிரைவ் பார்த்திருப்பான். எங்கள் பிள்ளைகள் என் வாய் வார்த்தையை வைத்தே கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம், எதிரணியின் வளைவுக் கோட்டை ஒட்டி நின்று ஆடும் எங்கள் பிவட் பிள்ளை கேட்டாள். “மிஸ், அவங்க ஏன் அடிக்கடி ஷூவைத் தொடுறாங்க?” மறுபடி ஓட்டிக் காட்டினேன். ஷூவின் பக்கவாட்டில் பிசின் உருண்டை ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஆட்டத்துக்கு நடுவே இரண்டு விரலால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொள்கிறார்கள். அதனால்தான் பந்து ஒற்றைக் கையில் அப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது, விங்கிலிருந்து மணிக்கட்டைச் சுழற்றி எறிந்தால் தரையில் பட்டுத் திரும்பி உள்ளே போகிறது. “நம்ம பலாப் பிசின் மாதிரியா?” என்றாள் ஒருத்தி. அப்படித்தான்.

ஜெர்மனி 29-23 என்று நடப்பு சாம்பியன் பிரான்ஸை வெளியேற்றியது. நார்வேயும் நெதர்லாந்தும் ஆடியது நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டி. விளக்கை அணைத்துவிட்டேன். காலையில் போட்டி.

டிசம்பர் 13, சனி: மண் கோர்ட்

எழுந்ததும் முதலில் பார்த்தது ஸ்கோர். நார்வே 35-25. வெந்நீர் வரிசையில் நின்றபடியே பிள்ளைகள் அதைப் பேசினார்கள்.

எங்கள் போட்டி எட்டு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். மைதானத்தின் ஒரு மூலையில் முந்தைய மழையின் சேறு இன்னும் காயவில்லை. மணல் கொட்டி, மரப்பலகையால் இழுத்து, சுண்ணாம்பில் மறுபடி கோடு போட்டு முடிக்கப் பதினொன்றரை. உலகப் போட்டி நடக்கும் தரை 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், உள்ளரங்கம், வழுக்காத செயற்கைத் தளம். எங்களுக்கும் அளவு அதேதான், தளம் மட்டும் மண். மண்ணில் பந்து தட்டினால் எந்தப் பக்கம் எழும்பும் என்று சொல்ல முடியாது. விழுந்தால் முழங்கால் தோல் போய்விடும். இதிலேயே பழகிய பிள்ளைகள் கீழே விழப் பயப்படுவதில்லை என்பது உண்மை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நல்ல தளம் கிடைத்தால் இன்னும் எவ்வளவு தூரம் பாய்வார்கள் என்றுதான் தோன்றுகிறது.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். காத்திருந்ததில் உடம்பு இறுகிப்போயிருந்தது. இடைவேளையில், வலது பக்கம் பின்னாலிருந்து ஆடும் எங்கள் ரைட் பேக்கின் ஷூ அடிப்பாகம் வாய் பிளந்துகொண்டது. வேறு ஷூ இல்லை. மைதானத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஷூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய பசையைச் சுரண்டி எடுத்தார், புதிதாகத் தடவி ஊதினார், தொடையில் வைத்து அழுத்தினார். அப்புறம் ஊசியால் ஓரம் முழுக்கக் குத்தி, மெழுகு தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துத் தைத்தார். குதிகாலில் மட்டும் நூலை இரட்டையாகப் போட்டார். “இந்தப் பொண்ணு வலது கால ஊனித்தான் எழும்புது, தேஞ்சிருக்கற எடத்தப் பாத்தாலே தெரியுது. அங்கதான் பிரியும்” என்றார். அவள் இடது கைக்காரி, வலது காலை ஊன்றித்தான் எம்புவாள். அவள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. கூலி நாற்பது ரூபாய்.

மதியச் சாப்பாடு பாதிப் பேருக்குத்தான் வந்து சேர்ந்தது. சேலத்திலிருந்து வந்த அணி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறும் அவித்த முட்டையும் வைத்திருந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் அண்ணன், “டீச்சர், பிள்ளைகளை இங்க உக்காரச் சொல்லுங்க” என்று பாயை நீட்டிப் போட்டார். மூன்று மணிக்கு அதே சேலத்தோடுதான் எங்களுக்கு மேட்ச். 19-16 என்று ஜெயித்தோம். சாப்பாடு போட்டவர்களை ஜெயிக்கிறோமே என்று எங்கள் பிள்ளைகளுக்கே ஒரு கூச்சம். முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து கரும்புச்சாறு குடித்தது. ஒரு டம்ளர் 25.

அன்று இரவு உலகப் போட்டியில் அரையிறுதி, இறுதி எதுவும் இல்லை. கையேந்தி பவனில் பரோட்டாவும் முட்டைத் தோசையும் சாப்பிட்டுவிட்டு வந்து பேசிக்கொண்டிருந்தோம். கோல்கீப்பரின் அம்மா மெதுவாகக் கேட்டார். “டிரவுசர் போட்டுத்தான் ஆடணுமா டீச்சர்? எங்க மாமியார் வீட்ல அதுக்கே சண்டை.” ஈரான் பெண்கள் அணியின் ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். தலைமுடியை மூடி, முழுக்கை, முழுக்கால் உடையோடு உலக சாம்பியன்ஷிப்பில் ஆடுகிறார்கள். இந்த வருடம் ஆசியாவிலிருந்து தகுதி பெற்றவர்களில் அவர்களும் உண்டு. கோல்கீப்பர்கள் எப்படியும் முழுக்கால் சட்டைதான் போடுவார்கள் என்றும் சொன்னேன். அக்கா முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

அந்தத் தகுதிச் சுற்று எங்கே நடந்தது தெரியுமா? நம் டெல்லியில். 2024 டிசம்பரில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப். ஜப்பான் 25-24 என்று ஒரே கோலில் தென்கொரியாவை இறுதியில் வென்றது. அந்தக் கொரியா சாதாரண அணி இல்லை. 1988, 1992 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். 1995-ல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து உலகக் கோப்பையை வென்ற முதல் பெண்கள் அணி. இவ்வளவு பெரிய ஆட்டம் நம் தலைநகரத்தில் நடந்திருக்கிறது, எங்கள் பிள்ளைகளுக்குச் செய்தியாகக்கூட வந்து சேரவில்லை. 2022-ல் கஜகஸ்தானின் அல்மாட்டியில் நம் ஜூனியர் பெண்கள் ஆசியத் தங்கம் வாங்கியதும் அப்படித்தான். அதைச் சொன்னபோது, “நிஜமாவா மிஸ்? இந்தியாவா?” என்று எழுந்து உட்கார்ந்தார்கள்.

ஃபாரோ தீவுகள் கதையையும் சொன்னேன். வட அட்லாண்டிக்கில் ஒரு சின்னத் தீவுக்கூட்டம். மக்கள்தொகை ஏறக்குறைய 55,000. எங்கள் மன்னார்குடி நகராட்சியில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். அந்தப் பெண்கள் இந்த வருடம்தான் முதன்முறையாக உலகப் போட்டிக்கு வந்து, ஸ்பெயினைத் தோற்கடித்து, அடுத்த சுற்றுக்கும் போனார்கள். அதற்கப்புறம் அறையில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. “அப்ப நம்ம ஊரே ஒரு டீம் அனுப்பலாமே” என்று பிவட் பிள்ளை சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் கூடாது?

டிசம்பர் 14, ஞாயிறு: ராயப்பேட்டை, மறுபடி எழும்பூர்

காலையிலேயே அரையிறுதியில் தோற்று வெளியே வந்துவிட்டோம். எதிரணி நன்றாக ஆடியது. இரண்டு நிமிடத் தண்டனையில் எங்கள் பிள்ளை வெளியே உட்கார்ந்திருந்தபோது வரிசையாக மூன்று கோல் விழுந்தது, அதோடு கதை முடிந்தது. அழுதார்கள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாலையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் ஸ்குவாஷ் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. சாதாரணப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர், “எல்லாரும் ஒரே ஊரா? உள்ளே தள்ளிப் போங்கம்மா, படியில நிக்காதீங்க” என்று அக்கறையாக அதட்டினார். மாலுக்குள் கடைகளுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டியாக ஒரு கோர்ட். மேல்தளக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். பந்து சுவரில் படும் சத்தம் அங்கே வரை கேட்டது.

இந்தியாவுக்கும் ஹாங்காங்குக்கும் ஆட்டம். முதலில் ஜோஷ்னா சின்னப்பா, நம்ம சென்னைக்காரர், வயது 39. 3-1 என்று வென்றார். அடுத்து அபய் சிங், அதுவும் சென்னை, 3-0. மூன்றாவதாக 17 வயது அனாஹத் சிங் உள்ளே வந்ததும் எங்கள் பிள்ளைகள் தங்களைவிடச் சின்னப் பெண் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவரும் 3-0. இந்தியா முதன்முறையாக ஸ்குவாஷ் உலகக் கோப்பையை வென்றது. பக்கத்தில் கையில் துணிப்பையோடு நின்ற ஒரு மாமி, யார் எவர் என்று தெரியாமலே எங்கள் கோல்கீப்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு காபி 180 என்று பார்த்துவிட்டு வெளியே வந்து, தெருமுனையில் பதினைந்து ரூபாய் டீ குடித்தோம்.

நான் பார்த்தது ஆட்டத்தை மட்டும் இல்லை. பெரியமேட்டில் நேரு உள்விளையாட்டு அரங்கம் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் உட்காரலாம். ஒரு மாலுக்குள் கண்ணாடி நட்டு உலகப் போட்டி நடத்தத் தெரிந்த ஊர், அந்த அரங்கத்தில் ஓர் ஆசியப் பெண்கள் ஹேண்ட்பால் போட்டியை நடத்தலாம். சேலத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் ராத்திரி ரயிலில் வந்து பார்க்க ஆள் இருக்கிறோம். இதை விளையாட்டுத் துறையில் யாராவது படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

இரவு, ராட்டர்டாமில் ஹேண்ட்பால் இறுதி. ஜெர்மனிக்கு நார்வே எதிரி. ஜெர்மனி கோப்பையை வென்ற 1993-க்குப் பிறகு இறுதிக்கே வந்ததில்லை. பாதியில் லாட்ஜில் மின்சாரம் போய், சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கியது. வரவேற்பு மேசைத் தம்பி தன்னுடைய பவர் பேங்கைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

எங்கள் கண்ணெல்லாம் நார்வேயின் கோல்கீப்பர் காத்ரினே லுண்டே மேல். வயது 45. மூன்று ஒலிம்பிக் தங்கம்: 2008, 2012, 2024. நாட்டுக்காக அவர் ஆடும் கடைசி ஆட்டம் அது. கையுறை கிடையாது, ஹேண்ட்பாலில் கோல்கீப்பர்கள் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். பந்து வருவதற்கு முன்பே பாய்ந்துவிடுகிற பழக்கம் எங்கள் கோல்கீப்பருக்கு உண்டு. நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். லுண்டே பாய்வதில்லை. எறிகிறவளின் தோள் திரும்பும் வரை காத்திருக்கிறார். அரை அடி முன்னால் வருகிறார். கடைசி நொடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கால் எழும்புகிறது, அதே பக்கக் கை அந்தக் கால்மேல் வந்து இறங்குகிறது, நடுவில் இடைவெளியே இல்லை. எங்கள் கோல்கீப்பர் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நின்று செய்துபார்த்தாள்.

“அந்தப் பொண்ணுக்கு என் வயசா?” என்றார் அவள் அம்மா.

ஆமாம் என்றேன். ஒரே வயதுதான் இருக்கும். அக்கா அதுவரை கட்டிலின் ஓரத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தவர், எழுந்து போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். லுண்டே தடுக்கும்போதெல்லாம் “விடாதே, விடாதே” என்று முணுமுணுத்தார்.

கடைசி வரை இழுபறி. முடிவில் நார்வே 23-20. பெண்கள் ஹேண்ட்பாலில் ஓர் அணி முப்பதைத் தொடுவது சகஜம். இவ்வளவு குறைவான கோல் என்றால் அது கோல்கீப்பர்களின் ஆட்டம். 1999, 2011, 2015, 2021, இப்போது 2025: நார்வேக்கு ஐந்தாவது உலகக் கோப்பை.

டிசம்பர் 15, திங்கள்: பீச்

ரயில் இரவில்தான். எழும்பூரிலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு ஐந்து ரூபாய். பர்மா பஜார் பக்கம் போய் அத்தோ சாப்பிட்டோம். மஞ்சள் நூடுல்ஸில் பொரித்த வெங்காயம், பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். ஒரு தட்டு 80. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. முட்டைக்குள் வெங்காயம் அடைத்துத் தரும் மசாலா முட்டையோடு நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். ஆளுக்கு 1,900 ரூபாய் வந்தது. மீதி இருந்த காசில் இன்னொரு பந்து வாங்கலாமா, கோல்கீப்பருக்கு முழங்கால் பட்டை வாங்கலாமா என்று சண்டை. பந்துதான் என்று முடிவாகி, ரயிலுக்கு முன்னால் பெரியமேட்டுப் பெரியவர் கடைக்கு ஓடினோம். அவரிடம் அந்த அளவில் இன்னொன்று இல்லை. வரவழைத்துத் தருகிறேன் என்று என் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்.

அடுத்த உலகப் போட்டி 2027-ல் ஹங்கேரியில். எங்கள் மைதானம் காய்ந்துவிட்டது என்று ஊரிலிருந்து தகவல் வந்திருக்கிறது. புதன்கிழமை ஐந்து மணிக்குப் பயிற்சி தொடங்குகிறது. மன்னார்குடிப் பக்கம் ஆட விருப்பமுள்ள பெண் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் இல்லை. ஷூ இல்லாவிட்டாலும் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்.